கடைசி ஆள் இறங்கும்வரை

நவம்பர் 9, சனி

எடை 111.2 கிலோ.

இந்த நோட்டு எடைக்காக மட்டும். தேதி, தின்றது, புரதம் எத்தனை கிராம், சனிக்கிழமை எடை. வேறு எதுவும் எழுதுவதாக இல்லை. ஆனால் முதல் நாளே எழுத வேண்டியிருக்கிறது.

இன்று ஆரல்வாய்மொழி அலுவலகத்தில் கியர் ஆயில் டின் நிறுக்கிற மேடைத் தராசில் என்னை ஏற்றினார்கள். காற்றாலையில் ஏறுகிறவன் 105 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது கம்பெனி விதி. இடுப்பில் மாட்டுகிற பெல்ட், விழுந்தால் பிடிக்கிற கயிறு, மேலே மயங்கியவனைக் கீழே இறக்குகிற கருவி எல்லாம் அந்தக் கணக்கில் செய்தவை. மெக்கானிக்கல் படித்தவன் நான். விதியோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டை தராசைச் சுற்றி நின்று சிரித்தவர்களோடு.

"லேய் தாணு, அடுத்து ஒரு டின்ன ஏத்தணும், கொஞ்சம் எறங்குகியா?" என்று கேட்டான் செல்வின். என்னைவிட ஒரு வயது சின்னவன். அறுபத்திரண்டு கிலோ. ஏணியில் அணில் மாதிரி போவான்.

டிசம்பர் 20 அன்று மறுபடி நிறுப்பார்கள். 105க்குள் வந்தால் ஏறலாம். வராவிட்டால் ஜனவரியிலிருந்து ஸ்டோர் ரூமில் நட்டு போல்ட் எண்ணுகிற வேலை. நாலு வருடம் படித்தது அதற்கல்ல.

ஆறு வாரம். ஆறு கிலோவும் சில்லறையும். முடியும்.

நவம்பர் 11, திங்கள்

டாக்டர் சொன்னது: வாரத்துக்கு ஒரு கிலோ போதும், அவசரப்படாதே, சோற்றைக் குறை, புரதத்தைக் கூட்டு, அப்போதுதான் பசி தாங்கும். நாளைக்கு நூறு கிராம் புரதம்.

எங்கள் வீடு சைவம். முட்டைகூட வாசற்படி தாண்டியதில்லை. கோழிக்கறி தின்கிறவனுக்கு நூறு கிராம் இரண்டு வேளையில் முடியும். எனக்கு அது ஒரு நாள் வேலை. காலை பாசிப்பயறு தோசை மூன்று: 18. பதினோரு மணிக்குக் கொண்டைக்கடலை சுண்டல்: 14. மதியம் சோயா உருண்டை: 26, தயிர்: 7. மாலை பால்: 8. இரவு பன்னீர் 150 கிராம்: 27. மொத்தம் 100.

தேங்காயை நிறுத்து என்று அம்மாவிடம் சொன்னேன். "தேங்கா இல்லன்னா அதுக்குப் பேரு அவியல் இல்ல மக்களே, அவிச்சது," என்றாள். ஆனாலும் நிறுத்தினாள்.

நவம்பர் 13, புதன்

முப்பந்தலில் வேலை. காற்று குறைந்த மாதம் என்பதால் வருடாந்திரப் பராமரிப்பு. எங்கள் குழுவில் நாலு பேர். ஏசுவடியான் அண்ணன் தலைமை, இருபது வருடம் ஏறியவர். அவரும் செல்வினும் மேலே. நான் வாக்கிடாக்கியோடு கீழே. ஜீப் ஓட்டுகிற சுயம்பு அண்ணன் ஜீப்போடு.

எண்பது மீட்டர் ஏறி வேலை பார்க்கிறவனுக்குப் பசி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. கடைசி ஆள் தரையில் கால் வைக்கும்வரை யாரும் டப்பாவைத் திறக்கக் கூடாது. எழுதி ஒட்டியதல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தெரியாமல் ஒரு பிஸ்கட் பிரித்தேன். மூன்று பேரும் பார்த்த பார்வையில் அதைத் திருப்பி உறைக்குள் வைத்தேன்.

எல்லோரும் இறங்கியதும் ஜீப்பின் பானெட் மேல் டப்பாக்களைத் திறந்து வைத்துப் பங்கு போட்டுத் தின்போம். ஏசுவடியான் அண்ணன் மனைவி ரோஸ்லெட் அக்கா தினமும் மூன்று துண்டு மீன் பொரித்து அனுப்புவார். அண்ணனுக்கு ஒன்று, செல்வினுக்கு ஒன்று, சுயம்பு அண்ணனுக்கு ஒன்று. எனக்குத் தனியாக இஞ்சித் துவையல்.

இன்று முதல் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் டப்பா நிறுத்துக் கட்டியது, அதிலிருந்து கொடுக்கவும் மாட்டேன், அதற்கு வெளியே வாங்கவும் மாட்டேன். புரதம், பசி, கலோரி எல்லாம் விளக்கினேன். இந்த நோட்டையும் காட்டினேன். செல்வின் கொட்டாவி விட்டான்.

புரதம்: 100.

நவம்பர் 16, சனி

109.9.

கார்த்திகை ஒன்று. சுயம்பு அண்ணன் கறுப்பு வேட்டி, துளசி மாலையோடு வந்தார். அவருக்கு இது பதினெட்டாவது மலை. பதினெட்டாவது வருடம் போகிறவர் தென்னங்கன்று ஒன்று சுமந்து கொண்டுபோய் அங்கே வைக்க வேண்டும். அதற்குப் பிறகு அவரும் குருசாமி. ஐம்பத்தாறு வயதில் ஜீப் டிரைவராக இருக்கிறவருக்கு அது எவ்வளவு பெரிது என்று அவர் கன்றைத் தூக்குகிற விதத்தில் தெரிந்தது. வீட்டில் வைத்தால் ஆடு கடிக்கும் என்று ஜீப்பின் பின்பக்கத்திலேயே ஒரு சாக்கில் வைத்திருக்கிறார், டப்பாப் பெட்டிக்குப் பக்கத்தில்.

இனி அவர் எங்களுக்குச் சாமி, நாங்கள் அவருக்குச் சாமி. வருடம் முழுக்க மீன் இல்லாமல் சோறு இறங்காத மனிதர். நாற்பத்தோரு நாள் மூக்கைக்கூடத் திருப்ப மாட்டார். ரோஸ்லெட் அக்கா பழக்கத்தில் இன்றும் மூன்று துண்டு அனுப்பியிருந்தார்.

புரதம்: 102. பசி இல்லை. டாக்டர் சொன்னது வேலை செய்கிறது.

நவம்பர் 20, புதன்

தோசை 18, சுண்டல் 14, சோயா 26, தயிர் 7, பால் 8, பன்னீர் 27. 100.

புரதப் பவுடர் ஒரு டப்பா வாங்கிப் பார்த்தேன். வயிறு ஊதி, வாக்கியில் பேச முடியாத நிலைமை. நிறுத்தியாயிற்று.

நவம்பர் 23, சனி

109.1. ஒரு வாரத்துக்கு எண்ணூறு கிராம்.

டாக்டருக்கு இது போதும். எனக்குப் போதாது. இந்த வேகத்தில் போனால் டிசம்பர் 20 அன்று 106. ஒரு கிலோவுக்காக நான் ஸ்டோரில் உட்கார மாட்டேன். உள்ளே போவதைக் குறைத்தால் எடை குறையும், இதில் என்ன மர்மம். காலைத் தோசை, பதினோரு மணிச் சுண்டல் இரண்டையும் திங்கள் முதல் நிறுத்துகிறேன். சோயாவும் பாதி. புரதத்தால் பசி தாங்கும் என்பது மனஉறுதி இல்லாதவனுக்கு.

நவம்பர் 25, திங்கள்

தலைவலி. பரவாயில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

செல்வின் பேசுவதே எரிச்சலாக இருந்தது. அவன் மேலே இருந்து வாக்கியில் ஏதோ பாட்டை முணுமுணுத்தான், திட்டிவிட்டேன். சாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலைல ஒண்ணும் திங்கலியோ சாமி?" என்றார். உங்கள் விரதத்தை நீங்கள் பாருங்கள், என் விரதத்தை நான் பார்க்கிறேன் என்றேன்.

நவம்பர் 27, புதன்

காலை: கடுங்காப்பி. மதியம்: சோயா பாதி 13, தயிர் 7. மாலை: பால் 8. இரவு: பன்னீர் 100 கிராம் 18. மொத்தம் 82.

மதியம் ஒரு சிறு சம்பவம். இருவரும் இறங்கி வந்து டப்பாவைத் திறந்தால் ஏசுவடியான் அண்ணன் டப்பாவில் மீன் இல்லை. சோறும் குழம்பும் மட்டும். குரங்காக இருக்கும் என்று நான் சொன்னேன். "தின்னுட்டு மூடியும் போட்டுட்டுப் போச்சோ? நம்ம பயலுவள விட நல்ல குரங்கு," என்றான் செல்வின்.

அண்ணன் குழம்புச் சோற்றைத் தின்றார். காலையிலிருந்து முப்பது போல்ட் முறுக்கியிருந்தார்.

நவம்பர் 28, வியாழன்

தொண்டை கரகரப்பு. எச்சில் விழுங்கினால் வலிக்கிறது. மலைக்காற்று, ஈரம். சளி பிடித்திருக்கும்.

மீன் விஷயத்தைச் செல்வின் விடவில்லை. ஜீப் பக்கம் இருந்தது இரண்டே பேர், ஒருவன் பிறவிச் சைவம், இன்னொருவர் கார்த்திகைச் சைவம் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு சாமி பக்கமாகத் திரும்பியது. சாமிக்குச் சுகர் உண்டு. அக்டோபரில் ஒருநாள் சர்க்கரை இறங்கித் தலைசுற்றி, செல்வின் பையிலிருந்த ரொட்டியை எடுத்துத் தின்றிருக்கிறார். ஏசுவடியான் அண்ணன் அதை நினைத்துத்தான் தணிந்த குரலில் சொன்னார்: "சுகர் எறங்கிருக்கும். அதுக்கென்ன சாமி, உயிருதான முக்கியம். அடுத்த தடவ கேட்டே தின்னும்."

சாமி, "நான் திங்கல," என்றார். ஒரே ஒரு தடவை.

செல்வின் விளையாட்டாக என் பக்கம் திரும்பி, "பின்ன நீயால?" என்றான். நான் நோட்டை எடுத்து நீட்டினேன். எடுத்ததெல்லாம் அதில் எழுதியிருக்கிறது, பார்த்துக்கொள் என்றேன். அவன் பார்த்தான். "எம்மாடி, எண்பத்திரெண்டு கிராமுக்கு இவன் சுண்டல் கடையையே முழுங்கியிருப்பான், இவனுக்கு எதுக்கு மீனு," என்று திருப்பிக் கொடுத்தான்.

இரவு: சோறு ஒரு உருண்டை, மெல்லாமல். தொண்டைக்கு இதமாக இருக்கும் என்று.

நவம்பர் 29, வெள்ளி

தொண்டை இன்னும் சரியாகவில்லை. ஒரே இடத்தில் குத்துகிறது. அம்மா சுக்கு வெந்நீர் கொடுத்தாள். பயன் இல்லை.

மதியம் மற்ற இருவரும் மேலே இருந்தபோது சாமி தன் பையிலிருந்து ஒரு மட்டி வாழைப்பழம் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பூஜைக்கு வைத்தது. "மெல்லாதீங்க சாமி. பெரிய துண்டா அப்பிடியே முழுங்குங்க. அதோட கீழ போயிரும்," என்றார். சளிக்கு யாராவது பழம் கொடுப்பார்களா. ஏன் அப்படிச் சொன்னார் தெரியவில்லை. முழுங்கினேன்.

மாலைக்குள் தொண்டை சரியாகிவிட்டது.

நவம்பர் 30, சனி

107.8.

தோசையும் சுண்டலும் திரும்பச் சேர்த்துவிட்டேன். டாக்டர் சொன்னதுதான் சரி. காரணம் எழுதவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

புரதம் 100.

சாமி இப்போது எங்களோடு உட்காருவதில்லை. ஜீப்பின் மறுபக்கம், துண்டை விரித்துத் தனியாக. விரதக்காரர் தனியாக உட்காருவது வழக்கம்தான். முதல் பத்து நாள் எங்களோடுதான் உட்கார்ந்தார்.

ரோஸ்லெட் அக்கா சாமிக்கென்று தனியாக ஒரு சின்ன டப்பாவில் பழமும் அவலும் கொடுத்து அனுப்பியிருக்கிறார், சுகர் இறங்கினால் தின்ன. இரக்கத்தில் செய்தது. அண்ணன் அதை நீட்டியபோது சாமியின் முகத்தை நான் பார்க்கவில்லை. வாக்கிக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன்.

பேட்டரி நேற்றுத்தான் மாற்றியது.

டிசம்பர் 7, சனி

106.9.

செல்வின் தோவாளை டீக்கடையில் மீன் கதையைச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு எல்லாமே கதை. கேட்டவர்களில் ஒருவர் சாமியின் ஊர்க்காரர். கதை குருசாமி பரமார்த்தலிங்கத்திடம் போய்விட்டது. அவர்தான் அந்த ஊரிலிருந்து போகிற நாற்பது பேருக்கும் இருமுடி கட்டி மலைக்கு அழைத்துப் போகிறவர்.

அவர் சாமியைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: விரதத்தில் சந்தேகம் விழுந்துவிட்டது, மலைக்கு வா, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் இந்த வருடம் கன்று எடுக்காதே, பதினெட்டை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

செல்வினே இதைச் சொல்லிவிட்டு, "நான் சும்மா தமாசுக்குத்தாம்ல சொன்னேன்," என்றான். அவன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் இருந்து இன்றுதான் பார்க்கிறேன்.

டிசம்பர் 9, திங்கள்

சாமி கன்றுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. சாக்கு காய்ந்து கிடந்தது. நான் ஊற்றினேன். யாரும் சொல்லவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

இந்த நோட்டில் ஒரு நாள் பொய் இருக்கிறது. நவம்பர் 27.

அன்று எழுதியதைக் கூட்டினால் 46தான் வரும். 82 என்று எழுதியிருக்கிறேன். தின்றதை மறைத்தேன், ஆனால் புரதத்தை விட மனசு வரவில்லை. கை தானாகச் சேர்த்துவிட்டது. பாறை மீன், ஒரு துண்டு பன்னிரண்டு கிராம், மூன்று துண்டு முப்பத்தாறு. செல்வின் அந்தப் பக்கத்தைப் பார்த்தும் கூட்டிப் பார்க்கவில்லை. நான் இன்ஜினியர் என்பதால்.

நடந்தது இது. பன்னிரண்டரை மணி. காலையிலிருந்து வெறும் காப்பி, அதுவும் மூன்றாவது நாள். சாமி மதியக் குளியலுக்கு வாய்க்கால் பக்கம் போயிருந்தார். வெயில் ஏறி டப்பாப் பெட்டிக்குள்ளிருந்து பொரித்த வாசனை வந்தது. சின்ன வயதிலிருந்து எனக்கு மீன் வாசனை பிடிக்காது, மூக்கைப் பொத்திக்கொள்வேன். அன்று வாயில் நீர் ஊறியது. ஒரு துண்டில் ஓரம் மட்டும் கிள்ளிப் பார்க்கலாம் என்றுதான் திறந்தேன். பிறகு ஜீப்புக்குப் பின்னால் குத்தவைத்து மூன்றையும் தின்றேன். மென்றதாக நினைவில்லை. முள் எங்கே இருக்கும் என்று தெரியாது, எடுக்கவும் தெரியாது. மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றிக் கள்ளிப் புதருக்குள் எறிந்தேன். டப்பாவை மூடி, கொக்கியையும் போட்டேன். மேலே இரண்டு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். வாக்கி என் இடுப்பில்தான் இருந்தது. தின்னும்போது அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டார். பதில் சொல்ல வாய் காலியாக இல்லை.

சாயங்காலம்வரை பசிக்கவில்லை. புரதம் பசியைத் தாங்கும் என்று டாக்டர் சொன்னது உண்மைதான்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். என் பங்குக்கு அண்ணன் தன் துண்டையே வைத்திருப்பார். ஆனால் எனக்குப் பங்கு வேண்டாம் என்று கையை ஆட்டிப் பிரசங்கம் செய்தவன் எப்படிக் கேட்பது.

சொல்லத்தான் போகிறேன். ஆனால் 20ஆம் தேதி எடை பார்த்து, ஏறத் தகுதி என்று கையெழுத்துப் போடுகிறவர் ஏசுவடியான் அண்ணன். மேலே ஒருவன் உயிர் இன்னொருவன் கையில் என்பதால் குழுத் தலைவர் சம்மதம் வேண்டும். சாமி இருமுடிக் கட்டு நிறைத்து மலைக்குப் புறப்படுவது 22ஆம் தேதி. நடுவில் ஒரு நாள் முழுதாக இருக்கிறது. போதும்.

எழுதிவிட்டுப் படித்தேன். 'போதும்' என்று எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 14, சனி

105.8.

டிசம்பர் 16, திங்கள்

கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு ஓலை நுனி கருகியிருக்கிறது. ஊற்றிக்கொண்டிருக்கும்போது சாமி பார்த்தார். சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுக்கப் போய்விட்டார்.

அப்போதுதான் உறைத்தது. எனக்கு மூளை இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஜீப் பக்கம் இருந்தது இரண்டு பேர். தான் தின்னவில்லை என்பது அவருக்குத் தெரியும். மிச்சம் யார் என்று கண்டுபிடிக்க டிகிரி வேண்டாம். முதல் நிமிடத்திலிருந்தே அவருக்குத் தெரியும். பழத்தை மெல்லாமல் முழுங்கு என்றாரே, அது சளிக்கு அல்ல. மீன் முள் சிக்கினவனுக்கு மீன் தின்கிறவன் சொல்கிற வைத்தியம்.

என் தொண்டையில் குத்திய முள்ளை இறக்கிவிட்டுத்தான் அவர் ஜீப்பின் மறுபக்கம் போய் உட்கார்ந்திருக்கிறார். இருபது நாளாகக் காலையில் என்னைப் பார்த்ததும் "சாமி சரணம்" என்கிறார். நானும் பதிலுக்குச் சொல்கிறேன்.

டிசம்பர் 18, புதன்

சொல்லவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

104.6.

செல்வின் விசில் அடித்தான். ஏசுவடியான் அண்ணன் என் முதுகில் தட்டிவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார். பேனா அவரிடம் இல்லை. என் பேனாதான், இந்த நோட்டுக்குள் செருகியிருந்தது.

அம்மா தேங்காய் அரைத்துத் தீயல் குழம்பு வைத்தாள். ஒரு கரண்டிதான் தின்றேன். பசி இல்லை என்றேன். அது எடைக்காக இல்லை.

டிசம்பர் 21, சனி

ஏறினேன். எண்பது மீட்டர். ஏணியில் மூச்சு வாங்கவில்லை. ஆறு வாரமாக ஆசைப்பட்டது இதற்குத்தான். எந்திர அறையின் கூரைக் கதவைத் திறந்து தலையை நீட்டினால் ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் வெகுதூரத்தில் கடல் ஒரு கோடாக. கீழே ஜீப் தீப்பெட்டி அளவு. அதன் மறுபக்கம் ஒரு கறுப்புப் புள்ளி, தனியாக.

வெளியே போகுமுன் அண்ணன் என் பெல்ட்டில் மாட்டிய கயிற்றுக் கொக்கியை இழுத்துப் பார்த்தார். பிறகு தன் கொக்கியை நான் பார்ப்பதற்காகத் திரும்பி நின்றார். எப்போதும் செய்கிறதுதான். நான் கொக்கியில் கை வைத்துக்கொண்டு அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"மீன நாந்தான் தின்னேன் அண்ணே."

அவர் திரும்பவில்லை. "கொக்கி சரியா இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"அப்ப வேலயப் பாரு."

இரண்டு மணி நேரம் போல்ட் முறுக்கினோம். அளவு மட்டும் சொல்வார், நான் எழுதுவேன். எல்லாம் முடித்து ஸ்பானரைப் பையில் போட்ட பிறகுதான் கேட்டார். "சாமிகிட்ட சொல்லியாச்சா?"

இல்லை என்றேன்.

"பின்ன எங்கிட்ட எதுக்குல சொல்லுக? எனக்குப் போனது மூணு துண்டு மீனு." கொஞ்சம் நின்று, "கையெழுத்து வாங்குறதுக்கு முந்தி ஒனக்கு நாக்கு இல்லியோ?" என்றார்.

கீழே இறங்கியதும் திங்கட்கிழமை நான் தரையில் நிற்க வேண்டும் என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்கவில்லை.

சாப்பிடும்போது நான் ஜீப்பின் மறுபக்கம் போனேன். சாமி துண்டில் ஓரம் ஒதுங்கி எனக்கு இடம் விட்டார். சொன்னேன். அவர் மோர்ச்சோற்றைக் குடித்து முடித்தார்.

"எங்கிட்ட சொல்லி என்ன சாமி," என்றார். "எனக்குத்தான் தெரியும்லா."

நாளை காலை எத்தனை மணிக்குக் கட்டு என்று கேட்டேன்.

"ஆறு மணிக்கு. அதுக்கு வந்தா குளிச்சிட்டு வாங்க."

டிசம்பர் 22, ஞாயிறு

குளித்துவிட்டுப் போனேன்.

சாஸ்தா கோவில் முற்றத்தில் நாற்பது சாமிமார், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள். வரிசையாக உட்கார்ந்து நெய்த்தேங்காய் நிறைத்துக்கொண்டிருந்தார்கள். சுயம்பு சாமி கடைசியில், கன்று இல்லாமல். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் கம்பெனியிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

குருசாமி பரமார்த்தலிங்கத்தின் முன்னால் போய் நின்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்குக் காது மந்தம்.

"என்னது?"

மறுபடி சொன்னேன். இரண்டாவது தடவை முற்றம் முழுக்கக் கேட்டது. நிறைத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"மீனா? எத்தன துண்டு?"

"மூணு."

பின்னால் ஒரு பெண் சிரித்துவிட்டாள். யாரோ அடக்கினார்கள். நீ சைவப் பிள்ளை அல்லவா, எதற்குத் தின்றாய் என்று கேட்டார். எடை குறைப்பதற்காகப் பட்டினி கிடந்தேன் என்றேன். அந்த வாக்கியத்தை நாற்பது விரதக்காரர்களுக்கு முன்னால் சொல்லிப் பார்க்க வேண்டும்.

குருசாமி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். "ஏம்பா சுயம்பு, ஒனக்குத் தெரியுமா இது?"

"தெரியும்."

"தெரிஞ்சா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் திங்கலன்னு சொன்னேனே," என்றார் சாமி. "அதுக்கு மேல ஒரு வார்த்த சொன்னா அது கோள். மால கெடக்குற கழுத்து."

பரமார்த்தலிங்கம் கையிலிருந்த நெய்க்கிண்ணத்தைக் கீழே வைத்தார். தப்பு தன் பேரில்தான் என்று சொல்லவில்லை. பெரியவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். கன்று எங்கே என்று மட்டும் கேட்டார்.

ஜீப்பில் இருந்தது. நான் போய்த் தூக்கிவந்தேன். ஒரு ஓலை கருகியது, மற்றது எல்லாம் பச்சை. வாங்கிக்கொண்டு, மண் ஈரமாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார் சாமி. இருந்தது.

புறப்படும்போது ஜீப் சாவியை என்னிடம் கொடுத்தார். மூன்று நாள் நான்தான் ஓட்ட வேண்டும். நான் ஏதாவது கேட்பேன் என்று நினைத்தாரோ, நான் கேட்குமுன் பேசினார்.

"ரெண்டாவது கியர் கொஞ்சம் எடக்கு பண்ணும். டப்பாப் பெட்டிய வெயில்ல வெக்காதீங்க சாமி. மணக்கும்."

நையாண்டி இல்லை. அந்த முகத்தில் தேடிப் பார்த்தேன். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டிசம்பர் 23, திங்கள்

காலை: பாசிப்பயறு தோசை மூன்று 18. பதினோரு மணி: சுண்டல் 14.

இதை முப்பந்தலில், ஜீப் நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி பன்னிரண்டு நாற்பது. மேலே அண்ணனும் செல்வினும். என் எடை 104.4, ஏறத் தகுதி என்ற தாள் பையில் மடித்து இருக்கிறது. கீழே நானும் மூன்று டப்பாவும். சாமி கன்றோடு மலைக்குப் போய்விட்டார். அவர் உட்காருகிற இடத்தில் புல் வட்டமாகப் படுத்திருக்கிறது.

பெட்டியை நிழலுக்கு நகர்த்திவிட்டேன். அப்படியும் மணக்கிறது. பசி இல்லை. இருந்தாலும் மணக்கிறது. வாக்கியை மடியில் வைத்திருக்கிறேன். அண்ணன் இதுவரை நாலு தடவை கூப்பிட்டார், நாலு தடவையும் முதல் அழைப்புக்கே பதில் சொன்னேன்.

இரவு சேர்த்தது: மதியம் சோயா 26, தயிர் 7. மாலை பால் 8. இரவு பன்னீர் 27. மொத்தம் 100. இரண்டு தடவை கூட்டினேன்.

இருவரும் ஒன்றேகாலுக்கு இறங்கினார்கள். செல்வின் முதலில், அண்ணன் கடைசியில். அண்ணன் கை கழுவி வந்து பானெட் மேல் தன் டப்பாவைத் திறந்தார். உடனே உட்காரவில்லை. நின்றபடி, மீன் துண்டுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

மூன்று இருந்தது. பிறகுதான் உட்கார்ந்தார்.